ஹீட்டர் ஸ்டார்

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் ஹீட்டர் இருக்கிறது என்றால் வெளியூர் உறவினர்கள் சிரிப்பார்கள். "உங்க ஊர்ல குழாயத் தொறந்தாலே வெந்நீர்தான வருது, அப்பறம் எதுக்கு ஹீட்டரு?" என்பார்கள். சித்திரையில் அது உண்மைதான். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரை மத்தியானத்தில் தலையில் ஊற்றினால் தோல் கழன்றுவிடும். ஆனால் ஐப்பசி மழை விடாமல் பெய்து, சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கி உட்கார்ந்துகொண்ட பிறகு, அதே தொட்டித் தண்ணீரில் விடிகாலையில் ஒரு செம்பு ஊற்றிப் பார்க்கட்டும். சிரிப்பு தானாக நின்றுவிடும்.

அந்த ஹீட்டர் நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அம்மாவுக்காக வாங்கியது. வாங்கியது நான் என்றாலும் சுவிட்ச் அப்பாவுடையது. அப்பா ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், பம்புசெட்டுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவர். எரியோட்டில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெந்நீர் என்பது பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும்தான் என்பது அவருடைய கட்சி. குளிர் என்ற சொல்லே அவர் வாயில் வராது. மார்கழியில் பல் கிட்டிக்கொண்டு காலைப் பூசைக்குக் கிளம்பும்போதுகூட, "காத்து கொஞ்சம் ஈரமா இருக்கு" என்றுதான் சொல்வார்.

தலைமையாசிரியர் அல்லவா, ஹீட்டருக்கும் ஒரு சட்டம் போட்டார். கிறிஸ்துமஸுக்காக வாசலில் ஸ்டார் கட்டும் நாளில் சுவிட்சைப் போடலாம். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று அணைத்துவிட வேண்டும். தவக்காலத்தில் வெந்நீர் என்ன வேண்டிக்கிடக்கிறது? அணைத்த கையோடு சுவிட்சின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிடுவார். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அவர் கத்தரிக்கோலைத் தேடுவது வருடாவருடம் நடக்கும் கூத்து. எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்துதான் ஸ்டார் கட்டுவார்கள் என்பதால், ஐப்பசி முழுக்கவும் கார்த்திகையில் பாதியும் நாங்கள் பச்சைத் தண்ணீரில் "யேசுவே, யேசுவே" என்று கத்திக்கொண்டே குளிப்போம். அவ்வளவு பக்தி வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்காது.

அம்மாவும் ஆசிரியைதான். ஊருக்குள்ளேயே ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஒரு வருடம் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்தபோது அம்மாவுக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, விரல் வலி போகவில்லை. மழை பிடித்ததும் மூட்டுகள் இறுகிக்கொண்டன. காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனால் முதல் வகுப்பில் சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்துத் தூக்கி வரவும் அந்த விரல்களுக்குத் தெம்பில்லை. ஒரே ஒரு முறை, "என்னங்க, சுவிட்சப் போட்டுக்கிரவா?" என்று கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஸ்டார் கட்டட்டும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேப்பரைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அம்மா நினைத்திருந்தால் பிளாஸ்திரியை உரித்துவிட்டு சுவிட்சைத் தட்டியிருக்கலாம். அப்பா என்ன அடிக்கவா போகிறார்? ஆனால் அப்படிச் செய்தால் அப்பா தோற்றுப்போவார். அவரைத் தோற்கடிப்பதில் அம்மாவுக்கு எப்போதும் விருப்பமில்லை. அவர் சட்டத்துக்குள்ளேயே நுழைந்து வெளியே வருவதுதான் அவள் வழக்கம்.

அது அக்டோபர், ஜெபமாலை மாதம். அப்பா காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அம்மா பரணிலிருந்து பெரிய சிவப்பு ஸ்டாரை இறக்கினாள். மழைக்கு அதன் மேல் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, என்னைக் கயிறு கட்டச் சொல்லி, வாசலில் தொங்கவிட்டு பல்பையும் போட்டுவிட்டாள். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர், இன்னும் தீவாளியே வரல. அதுக்குள்ள கிறிஸ்மஸா?"

"ஏசு இந்த வருசம் கொஞ்சம் வெள்ளனாப் பொறக்காராம்" என்றாள் அம்மா, சிரிக்காமல்.

அப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பை. தூறலில் நனைந்தபடி ஸ்டாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். அம்மா அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் நேரே உள்ளே போய் பிளாஸ்திரியை உரித்து சுவிட்சைப் போட்டுவிட்டு, "சட்டம்னா சட்டம். ஸ்டார் கட்டியாச்சுல்ல" என்றார். அன்று எனக்கு அவர்கள் இருவரையும் ரொம்பப் பிடித்துப்போனது.

அதிலிருந்து எங்கள் வீட்டு ஸ்டாருக்கும் கிறிஸ்துமஸுக்கும் சம்பந்தம் விட்டுப்போயிற்று. அம்மாவின் விரல் எப்போது வலிக்கத் தொடங்குகிறதோ அப்போது ஸ்டார் ஏறும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எதிர்வீட்டு அக்கா பீரோவிலிருந்து கம்பளியை எடுப்பாள். டிவியில் சொல்லும் வானிலையைவிட டீச்சர் வீட்டு ஸ்டார்தான் சரியாக இருக்கிறது என்பாள். ஒரு வருடம் அக்டோபர் கடைசியில் பங்குச் சாமியார் அந்தப் பக்கமாக வந்தவர், "சார், கல்லறைத் திருநாளே இன்னும் முடியலையே" என்று இழுத்தார். அப்பா அசரவில்லை. "அது கிறிஸ்மஸ் ஸ்டார் இல்ல ஃபாதர், ஹீட்டர் ஸ்டார்" என்றார். சாமியார் காப்பியைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

போன வருடம் வைகாசியில் அம்மா இறந்துவிட்டாள்.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் ஸ்டார் கட்ட மாட்டோம். தெருவெல்லாம் வெளிச்சமாக இருக்க எங்கள் வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்தது. ஸ்டார் கட்டாததால் ஹீட்டரும் போடவில்லை. அப்பா கார்த்திகை, மார்கழி, தை என்று எல்லா மாதமும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார். நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், தினமும் காலையில் அவருக்குப் பலகாரம் கொண்டுபோவேன். குளியலறையிலிருந்து இருமல் சத்தம் கேட்கும். "அப்பா, சுவிட்சப் போடுங்கப்பா" என்றால், "ஸ்டார் கட்டலயேம்மா" என்பார். தை முடிவதற்குள் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு முறை இப்படி வந்தால் இந்த வயதில் நுரையீரல் தாங்காது, இனிப் பச்சைத் தண்ணீரே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் இந்த வருடம் ஐப்பசி மழை தொடங்கியதும் டாக்டர் சொன்னதை அவருக்குத் தினமும் நினைவுபடுத்தினேன். ஒருநாள் நானே பிளாஸ்திரியை உரித்து ஹீட்டரைப் போட்டு வைத்தேன். அவர் வெந்நீர்க் குழாயைத் தொடாமல் பக்கத்துக் குழாயில் பச்சைத் தண்ணீர் பிடித்துக் குளித்துவிட்டு, புதுப் பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டு வந்தார். அம்மா மாதிரி நாமும் ஸ்டாரைக் கட்டிவிடலாம் என்று பரணில் ஏறித் தேடினேன். குடில் பொம்மைகள் இருந்தன, வைக்கோல் இருந்தது, ஸ்டாரைக் காணோம். கேட்டால், "எங்கயாச்சும் கெடக்கும்" என்றார். கூடவே அவருக்கு ஒரு சிறு இருமலும் வந்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. செத்துப்போன மனைவி வந்து கட்டினால்தான் ஹீட்டர் என்று ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் என்னதான் செய்வது?

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் இருவரும் கல்லறைக்குப் போனோம். சம்பங்கி மாலை போட்டு, தூறலில் அணைந்து அணைந்து போன மெழுகுவர்த்தியைக் குடைக்குள் வைத்து ஏற்றினேன். அப்பா குனிந்து, அம்மாவின் பெயர் வெட்டிய கல்லில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"கல்லு சில்லுன்னு இருக்கும்மா" என்றார்.

"மழையில நனையுதுல்லப்பா."

"இவ விரலு இதத் தாங்காதே" என்றார்.

குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அவர் நேரே அம்மாவின் பீரோவைத் திறந்தார். சேலைகளுக்கு அடியிலிருந்து, அம்மாவின் நூல் சேலை ஒன்றில் சுற்றி மடித்து வைத்திருந்த சிவப்பு ஸ்டாரை எடுத்தார். அந்த ஜவுளிக்கடைப் பையும் கூடவே இருந்தது. தேடித் தேடி நான் பரணில் தூசி தின்றபோது அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"ஸ்டூலப் பிடி" என்றார்.

"நான் கட்டுறேம்ப்பா. கால் வழுக்கிரும்."

"பிடிம்மா."

பிடித்துக்கொண்டேன். கயிற்றில் முடிச்சு விழ ரொம்ப நேரமாயிற்று. பையை ஸ்டாரின் மேல் கவிழ்த்து, அம்மா செய்தது போலவே ஓரத்தை உள்ளே மடித்துவிட்டார். நான் பல்பைப் போட்டேன். ஈரத் தரையெல்லாம் சிவப்பாயிற்று.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். இந்த முறை கேலி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், அப்போ கம்பளிய எடுத்துரவா?"

அப்பா ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார். ஒரு கை என் தோளில் இருந்தது.

"எடும்மா" என்றார். "ரொம்பக் குளிருது."