கம்ப்யூட்டர் மேல் போட்ட பழி

கிரேன் கேபினில் உட்கார்ந்து பதினொரு வருஷம் கன்டெய்னர் தூக்கினவன் நான். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு யார்டு. ஒரு கிரேனுக்கு இரண்டு பேர். இரண்டு மணி நேரம் நான், இரண்டு மணி நேரம் என் ஜோடிக்காரன். அடுத்தவன் ஏணி ஏறி வந்து முதுகில் ஒரு தட்டு தட்டினால்தான் மேலே இருப்பவன் சீட்டை விட்டு எழ வேண்டும். இது எந்த ரூல் புத்தகத்திலும் கிடையாது, நாங்களாக வைத்துக்கொண்டது. அவன் ஒரு நாள்கூட என்னைக் காக்க வைத்ததில்லை.

அவன் குப்பத்து ஆள். காசிமேட்டிலிருந்து போட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். டெக்கில் வழுக்கி விழுந்து முட்டி போன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை என்பதற்காகவே கிரேன் பழகினான். பழகி, என்னைவிட நன்றாக ஓட்டினான். அவன் இறக்கி வைக்கும்போது டிரெய்லர் டிரைவருக்குத் தூக்கம் கலையாது என்று யார்டில் கிண்டல் செய்வார்கள்.

இப்படி இருந்த எங்களை ஒரு நாள் ஆபீசில் உட்கார வைத்து, இனிமேல் கேபினே கிடையாது என்றார்கள். ஏசி ரூமில் திரையைப் பார்த்துக்கொண்டு கைப்பிடியை ஆட்டினால் அங்கே கிரேன் ஓடுமாம். ஒரு ஜோடிக்கு ஒரு சீட்டுதானாம். கம்ப்யூட்டரில் டெஸ்ட், தேறுகிறவன் ஏசி ரூமுக்கு, தேறாதவன் கீழே லாஷிங்குக்கு. லாஷிங் என்றால் டிரெய்லர் டிரெய்லராக நடந்து, கன்டெய்னர் மூலையில் இருக்கும் பூட்டுகளைத் திறந்து மூடும் வேலை. நாள் முழுக்க நடை. அவன் முட்டி அதற்குத் தாங்காது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சொன்ன மேனேஜருக்கும் தெரியும். சொல்லி முடித்துவிட்டு எங்களுக்கு பிஸ்கட் கொடுத்தான். அந்த பிஸ்கட்டை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

கேம் விளையாடுகிற கண்ட்ரோலரில் இரண்டு குச்சி இருக்கும், டெஸ்டில் வரும் கைப்பிடியும் கிட்டத்தட்ட அதுதான் என்று யாரோ சொன்னார்கள். இலவசமாக ஒரு கிரேன் கேமும் கிடைத்தது. நாற்பது வயசைத் தாண்டிய இரண்டு பேர் ரிச்சி தெருவுக்குப் போய், ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு கண்ட்ரோலர் வாங்கினோம். பசங்களுக்கா என்று கேட்டான் கடைக்காரன். "இன்னா நைனா, எங்கள பாத்தா பசங்களா தெரிலயா?" என்று இவன் கேட்டதில் கடையே சிரித்தது.

மகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் செருகியதும் என்னுடையது வேலை செய்தது. தினமும் பழகினேன். அவனுக்கு ஒரு வாரமாக ஒன்றும் நடக்கவில்லை.

"மாமு, லைட்டு எரியுது. ஆனா கம்ப்யூட்டரு இத இன்னான்னே தெரிலன்னுது. ஒரே பேஜாரா கீது. ஒரு நட வூட்டுக்கு வாயேன்."

டெஸ்டுக்கு நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். உதவி செய்யத்தான் போனேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள்.

ராயபுரத்தில் ஏதோ ஆபீசைக் காலி செய்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அவனுடையது. கண்ட்ரோலரைச் செருகினேன். லைட் எரிந்தது. திரையின் மூலையில், இந்தச் சாதனம் என்னவென்று தெரியவில்லை என்று ஒரு செய்தி வந்து போனது. வேறு ஓட்டையில் செருகினேன். அணைத்துப் போட்டேன். அதற்கான டிரைவர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். லிஸ்டில் அதன் பக்கத்தில் நின்ற மஞ்சள் முக்கோணம் போகவே இல்லை. என் வீட்டிலிருந்து கொண்டுபோன கேபிளை மாட்டிப் பார்த்தேன். அதே கதைதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, சட்டை நனைந்துவிட்டது. அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் கிளிக் செய்யும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு எனக்கு சோடா வாங்க அவன் கடைக்குப் போனான். மாட்டியிருந்த என் கேபிளை உருவினேன். முனையில் விரல் வழுக்கியது. பார்த்தால் பழுப்பாக கிரீஸ்.

அந்த வீட்டில் இரும்பு, பித்தளை எதைத் தொட்டாலும் கிரீஸ்தான். தாழ்ப்பாள், பூட்டு, மிக்ஸி பிளக்கின் கால்கள் வரைக்கும். போட்டில் பேட்டரி முனைகளை உப்புக் காற்று தின்றுவிடாமல் தடவித் தடவிப் பழகிய கை. ஆசையாக வாங்கிய புதுச் சாமான் துருப்பிடிக்கக் கூடாதே என்று இதற்கும் தடவியிருக்கிறான். செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ட்ரோலரின் ஓட்டைக்குள் பார்த்தேன். அடைத்து வைத்திருந்தான். லைட் எரிகிற அளவுக்குக் கரண்ட் போகிறது, மற்ற கம்பிகள் தொடவே இல்லை.

காது குடைகிற பஞ்சுக்குச்சி ஒன்று, கொஞ்சம் ஸ்பிரிட். துடைத்தால் சரியாகிவிடும், ஐந்து நிமிஷ வேலை.

மகள் படிப்பு, வீட்டு நிலைமை என்று இப்போது காரணம் அடுக்கலாம். அதெல்லாம் சும்மா. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: சீட்டு ஒன்று, இவன் என்னைவிட நல்ல கை. கேபிள் முனையை என் லுங்கியில் துடைத்துப் பையில் போட்டேன். அவனுடைய கேபிளை அந்த கிரீஸுக்குள்ளேயே திரும்பச் செருகி வைத்தேன்.

சோடாவோடு வந்தவனிடம், "கம்ப்யூட்டர்தான் மாமு சரியில்ல. ரொம்பப் பழசு. இதுல வேலைக்கு ஆவாது" என்றேன். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"அப்ப உன் வூட்ல வந்து பழகிக்கவா?"

"பொண்ணுக்குப் பரீட்ச மாமு. லேப்டாப்ப தொடவே வுட மாட்டேங்குறா."

பரீட்சை எல்லாம் முடிந்து இரண்டு வாரமாகியிருந்தது.

"அண்ணே, சாப்டுட்டுதான் போணும்" என்றாள் அவன் மனைவி. சங்கரா மீன் குழம்பு. வெட்கமே இல்லாமல் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அவள் வறுத்த மீனில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள்.

டெஸ்ட் அன்றைக்கு எனக்கு அடுத்து அவன் உட்கார்ந்தான். கேபினில் இருக்கும் கனமான லீவரைப் பிடிக்கிற மாதிரியே அந்தச் சின்னக் கைப்பிடியை அழுத்தினான். திரையில் கன்டெய்னர் பக்கத்து அடுக்கில் போய் மோதியது. அதன் பிறகு ஒன்றைக்கூட அவனால் நேராக இறக்கி வைக்க முடியவில்லை. மூன்று நாள் பழகியிருந்தால் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பான். நான் தேறிவிட்டேன் என்று சொன்னார்கள். அவன் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நம்ம ரெண்டு பேர்ல ஒர்த்தனாவது உள்ள போனமே மாமு" என்றான். அடப்பாவி, ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

இப்போது ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். கேமராவில் அவன் தெரிகிறான். நான்கு மூலைப் பூட்டையும் திறந்துவிட்டு ஒதுங்கி நின்று கையைத் தூக்குவான், அதற்குப் பிறகுதான் நான் கன்டெய்னரைத் தூக்கலாம். மற்ற ஆட்கள் சட்டென்று ஒதுங்கிவிடுவார்கள். இவன் காலை இழுத்து இழுத்து வருவதற்குள் சூப்பர்வைசர் என் பின்னால் வந்து நின்று, ஏன் கிரேன் நிற்கிறது என்று கத்துவான். ஆள் இருக்கிறான் சார் என்பேன். எப்போதும் அவனாலேதான் லேட்டு என்று சூப்பர்வைசர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போவான்.

போன வாரம் கேட் பக்கத்து டீக்கடையில், புதிதாக வந்த ஒரு லாஷிங் ஆளிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். "எனக்கோசரம் ஒரு ஞாயித்துக்கெழம காலீல பூரா ஒக்காந்தான்பா இவன். சட்டையெல்லாம் நனஞ்சிபூட்ச்சி. என் கம்ப்யூட்டருதான் கலீஜு."

அந்த ஆள் எழுந்து போனதும் வாயைத் திறந்தேன். "மாமு, அன்னிக்கி உன் வூட்ல..."

"அட வுடு மாமு" என்றான், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "நீ இன்னா பண்ணுவ? உன்னால ஆனத பண்ண."

நான் டீயைக் குடித்து முடித்தேன். ஷிப்டுக்கு மணியடித்தது. அவன் எழுந்து நிற்கக் கை கொடுத்துவிட்டு, நான் ஏசி ரூமுக்குப் போனேன்.