வாடையில்லாத மருந்து

மானியத்தில் விசைத்தெளிப்பான் பெறும் விவசாயிக்கு மூக்குக் கவசமும் சேர்த்து வழங்கப்பட வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. கம்பம் பக்கம் திராட்சை போட்டிருக்கும் என் மனைவியின் தம்பிக்குத் தெளிப்பான் வந்தது. கவசத்துக்குப் பதிலாக அதிகாரியோடு ஒரு புகைப்படம் கிடைத்தது.

என் மகள் மதுரையில் ஆய்வு மாணவி. நுரையீரலுக்குள் ஊர்ந்து திரிந்து தூசியையும் கிருமியையும் விழுங்கும் காவல் செல்களைப் பற்றியது அவள் ஆய்வு. கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களை அவற்றுக்குத் தின்னக் கொடுத்து, பிறகு நுண்ணிய ஊசியால் அமுக்கி, இளக்கமாக இருக்கின்றனவா இறுகிவிட்டனவா என்று அளக்கிறாள். இதற்கு முறையான அனுமதி உண்டா என்று கேட்டேன். ஆணை நகலையே காட்டினாள். என் மகள்தான்.

ஒரு விடுமுறையில் தோட்டத்துக்குப் போனோம். மச்சினன் பந்தலுக்கடியில் அண்ணாந்து நின்று, பாடிக்கொண்டே நானோ துத்தநாகம் என்ற நுண்ணிய உலோகத்தூள் கரைசலை அடித்துக்கொண்டிருந்தான். அது பனிமூட்டம்போல அவன் முகத்தைச் சுற்றி மிதந்தது.

“மாமா, கந்தகம் அடிக்கிறப்ப ரெண்டு சுத்து துண்டு கட்டுவீகளே, இன்னைக்கு எங்க?”

“இதுல வாடையே இல்லையே ஆத்தா! நாறுற மருந்துக்குல்ல மூக்கை மூடணும்?”

பள்ளத்தாக்கு முழுவதற்கும் இதுதான் நடைமுறை விதி. மூக்கு ஆட்சேபிக்காவிட்டால் மருந்துக்கு அனுமதி உண்டு.

வீட்டில் அவன் மனைவி கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் காய்ந்துபோன மாவு உருண்டை ஒன்றை எடுத்து, பூரணத்தை வைத்து மூடச் சொல்லி மாமனிடம் நீட்டினாள். மாவு வெடித்தது.

“நெஞ்சுக்குள்ள இருக்கிற காவல் செல்லும் இப்படித்தான் மாமா கிருமியைச் சுத்தி மூடும். உலோகத்தூளைத் தின்னதுல சிலது இறுகிப்போயி, மூட முடியாம நிக்குது.”

“என் நெஞ்சுல எத்தனை வெடிச்சிருக்கு?”

“தெரியாது மாமா. நான் ஆய்வுக்கூடத் தட்டுல பார்த்ததைத்தான் சொல்றேன். தெரியாதப்ப எதுக்கு உறிஞ்சணும்?”

“சரி, கவசம் வரட்டும், மாட்டிக்கிறேன். ஆபீசுல தாரேன்னு சொன்னாக. அவுக தர வேண்டியதை நான் ஏன் வாங்கணும்?”

கொள்கை அளவில் எனக்கு முழு உடன்பாடு. நிபந்தனையை மேற்கோள் காட்டி, நகல்கள் இணைத்து மனு அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த மருந்தடிப்பு நெருங்கியது. நானே வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

“மனு போட்ட நீங்களே வாங்கிட்டா மனு செத்துப்போகுமே மச்சான்!”

அவன் சொன்னது சரி.

மகள் வாங்கி வந்ததையும் அவன் தொடவில்லை. “தாய்மாமன் நான் உனக்குச் செய்யணும். நீ எனக்குச் செய்யிறதா?”

“அப்பச் செய்ங்க. பட்டம் வாங்கினா பட்டு எடுத்துத் தாரேன்னு சொன்னீகள்ல? பட்டு வேணாம். நீங்களே கவசம் வாங்கி மாட்டுங்க. அதான் எனக்குச் சீர்.”

சீர் என்று கேட்டுவிட்டால் தாய்மாமனுக்கு மேல்முறையீடு கிடையாது. அன்று சாயங்காலமே கம்பத்தில் இருப்பதிலேயே விலை கூடியதை, இரு கன்னத்திலும் வடிகட்டி வைத்ததை வாங்கி வந்தான். பட்டும் எடுப்பேன் என்று தனியாக மிரட்டினான்.

“ஏலே, நிலாவுக்குக் கிளம்பிட்டியா?” என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

“நாறாத மருந்துதான்ணே உள்ள போயி மாவைக் காய வைக்கும்,” என்று கவசத்துக்குள்ளிருந்து வகுப்பெடுத்தான். அவர் கடை எங்கே என்று விசாரித்தார்.

மூன்றாவது முறையாக அவன் அதை மாட்டி மருந்தடித்துக்கொண்டிருந்த நாளில் என் வீட்டுக்குத் தபால்காரர் வந்தார். கவசம் இருப்பில் இல்லை, வந்ததும் தெரிவிக்கப்படும் என்ற பதில், எல்லாம் பெருகும் நாளான ஆடிப் பதினெட்டு அன்று என் கைக்குக் கிடைத்தது.