பளபளத்த போல்ட்டுகள்

எனக்கு அடக்கம் கொஞ்சம் கம்மி. அதனால் இதைப் பெருமையோடுதான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தை ஒட்டிய ஒரு ஒர்க் ஷாப்பில் எனக்கு வேலை. செய்து முடித்த சாமான்களைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உலோகவியலில் டிப்ளமோ முடித்திருந்தேன். மாடம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். அத்தனை ஆண்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் பெண்.

ஒரு கல்லூரிப் பேராசிரியர் எங்களைத் தேடி வந்தார். பெட்ரோல் இல்லாமல் ஹைட்ரஜன் வாயுவிலேயே ஒரு எஞ்சினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வாயுவை அழுத்தி அடைத்து வைக்க ஒரு எஃகுத் தொட்டி கேட்டார். மூடியை இறுக்கிப் பிடிக்கப் பன்னிரண்டு போல்ட்டுகள், எல்லாம் மிகக் கடினமான எஃகு. எஞ்சின் ஓடும்போது சுற்றிலும் மாணவர்கள் நிற்பார்கள். அந்த மூடி பிய்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் என் ஒரே கவலை.

ஐப்பசி மழையில் போல்ட்டுகளில் லேசாகத் துரு பிடித்தது. எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகும் எந்தச் சாமானும் பளபளவென்று, சந்தனப் பொட்டோடுதான் போக வேண்டும். போர்மேன் யாரையும் கேட்கவில்லை. உபரியாக வாங்கிய நான்கையும் சேர்த்து, எல்லா போல்ட்டுகளையும் கோவிலம்பாக்கத்தில் முலாம் பூசும் இடத்துக்கு அனுப்பிவிட்டார். புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டு திரும்பி வந்தன.

பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. முலாம் பூசும் முன் துருவை எடுக்க ஆசிட்டில் முக்குவார்கள். அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வெளியே தெரியாமல் அதை எளிதில் நொறுங்கக்கூடியதாக ஆக்கிவிடும். கடினமான எஃகுக்குத்தான் ஆபத்து அதிகம். முலாம் பூசிய உடனே அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் சூடாக்கினால்தான் அது வெளியேறும். தொட்டிக்குள் அடைக்க வேண்டிய வாயுவை நாங்கள் முன்கூட்டியே போல்ட்டுக்குள் குடிவைத்துவிட்டோம்.

“அண்ணா, முலாம் போட்டதும் அடுப்புல வெச்சு சூடு பண்ணாங்களா?”

போர்மேன் சிரித்தார். “இன்னாம்மா, இத போல்ட்டுன்னு நெனச்சியா, பன்னுன்னு நெனச்சியா?”

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. “வெள்ளிக்கிழமை டெலிவரி. இப்போ போய் இதைக் கிளப்பறீங்களே!”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உபரி போல்ட்டுகள் நான்கையும் ஒரு கனமான தகட்டில் முழு இறுக்கத்துக்கு முறுக்கி, ஷாப்பின் நடுவில் இருந்த மேஜைமேல் வைத்தேன்.

“நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன் சார்.”

மறுநாள் காலை நான்கும் அப்படியே இருந்தன. “பாத்தியா, குத்துக்கல்லு மாதிரி கீது,” என்று போர்மேன் ஊரைக் கூட்டினார். நான் ரிஜிஸ்டரைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை. படித்ததெல்லாம் பொய்யோ என்று தோன்றியது.

டீ வந்தது. கிளாஸைக் கையில் எடுத்திருப்பேன். டக்கென்று ஒரு சத்தம். மேஜைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் கூட இல்லை. ஒரு போல்ட்டின் தலை தானாகத் தெறித்து, தரையில் உருண்டு, போர்மேன் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுப்பதற்குள் இன்னொன்றும் தெறித்தது. எல்லோரும் மேஜையை விட்டுப் பின்வாங்கினார்கள். நான் மட்டும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாதுதான், ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தேன்.

முதலாளியே பேராசிரியருக்கு போன் செய்து ஒரு வாரம் தவணை கேட்டார். புது போல்ட்டுகள் வந்தன. முலாம் கிடையாது, வெறும் எண்ணெய் தடவிய கறுப்பு.

கல்லூரியில் எஞ்சின் ஓடிய அன்று எங்களையும் அழைத்திருந்தார்கள். குழாய் வழியே புகைக்குப் பதில் நீராவி வந்தது. மாணவர்கள் உள்ளங்கையை நீட்டி ஈரத்தைப் பார்த்தார்கள். விருந்தினர் ஒருவர் தொட்டியைச் சுற்றி வந்தார். “எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. போல்ட் மட்டும் ஏன் இப்படிக் கறுப்பா இருக்கு? கொஞ்சம் பாலிஷ் பண்ணியிருக்கலாமே?”

நான் வாயைத் திறப்பதற்குள் போர்மேன் முந்திக்கொண்டார். “பளபளன்னு போட்டா தல தெறிச்சிகினு பூடும் சார். இது எங்க மேடம் பாத்து வெச்ச போல்ட்டு.”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வழக்கமாகத் தொட்டிக்கு மட்டும் வைக்கும் சந்தனப் பொட்டை, பன்னிரண்டு கறுப்புத் தலைகளிலும் ஒவ்வொன்றாக வைத்திருந்தார்.