யாரையும் கொல்லாத ஒபிரி

உலகத்திலேயே மிக அதிகமான ஆட்களைக் கொல்லாத ஓட்டுநர் ஒபிரி அண்ணன்தான். கொல்லாத ஓட்டுநர்கள் வேறு ஊர்களிலும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் கொல்லவில்லை என்பதைத் திரும்பிப் போய், இறங்கி, சாக்கடைக்குள் தலையை விட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு வந்தவர் எங்கள் குமாசி நகரத்தில் மட்டுமல்ல, கடலுக்கு அந்தப் பக்கமும் கிடையாது.

கெஜெட்டியா நிலையத்திலிருந்து சுவாமே வழியாக ஆள் ஏற்றிப் போகும் ட்ரோட்ரோ வேன் அவருடையது. அவருடையது என்றால் ஓட்டுவது மட்டும். வண்டியின் சொந்தக்காரி, சந்தையில் துணி விற்கும் மாமே அஃப்ராகோமா. வேனின் பின் சீட்டுக்குக் கீழே தரை துருப்பிடித்து உதிர்ந்துவிட்டதால் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் சாலை ஓடுவது தெரியும். அந்த சீட்டில்தான் தினமும் காலையில் நான் போகிறேன், காற்றோட்டமாக இருக்கும்.

ஒபிரி அண்ணனுக்குக் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு, பல் இடுக்கில் ஒரு மெல்லும் குச்சி. ஆட்டுக்குக் கூட ஹாரன் அடித்துவிட்டு "மன்னிச்சுக்கம்மா" என்பார். முன்பெல்லாம் சக்கரம் குழியில் இறங்கித் 'தடக்' என்றால் போதும், முகம் செத்துவிடும்.

"டேய், யாரு அது?"

"குழி அண்ணே," என்பான் கதவில் தொங்கும் மேட் பாஃபோ. கூலி வாங்குவதும் ஊர் பெயர் கத்துவதும்தான் அவன் வேலை. குழிக்குச் சாட்சி சொல்வதும் சேர்ந்துகொண்டது.

"குழிக்குக் கை இருந்த மாதிரி இருந்துச்சுடா."

வேன் திரும்பும். போய்ப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி திரும்பும். ஒரு சனிக்கிழமை, சாவு வீட்டுக்குப் போகக் கறுப்பும் சிவப்பும் கட்டிக்கொண்டு ஏறியவர்கள் வண்டி நிறைய இருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அதில் ஒரு பெரியம்மா இறங்கும்போது சொன்னது இன்றைக்கும் நிலையத்தில் பழமொழி மாதிரி ஓடுகிறது. "பொணம் இருக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போப்பான்னா, பொணம் இல்லாத எடத்துக்கே கூட்டிட்டுப் போறியே."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டுஃபி என்ற பெண் இதை நோய் என்றார். சாபமும் இல்லை, பாவமும் இல்லை என்றார். தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார், அதைவிடக் கசப்பான ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்தார்: 'தடக்' கேட்டாலும் திரும்பாமல் ஓட்ட வேண்டும். முதல் மழைக்காலம் முழுக்க அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வண்டி முன்பக்கம் மட்டும் போகக் கற்றுக்கொண்டது.

"எண்ணம் போயிருச்சா அண்ணே?" என்று கேட்டேன்.

"எங்க போவுது. பயணி மாதிரி ஏறும். நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருந்தா, சலிச்சுப் போயி அதுவா எறங்கிக்கும்."

அதே டாக்டர் ஓர் ஆராய்ச்சிக்காக, இந்த நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பிடாதவர்கள் என்று பலரைக் குழாய் மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்க வைத்து மூளையைப் படம் எடுத்தார். அண்ணன் தன் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, பிறந்த குழந்தையின் போட்டோ மாதிரி நிலையம் முழுக்கக் காட்டினார்.

"உள்ள ஒண்ணும் இருக்காதுன்னுல்ல நெனச்சேன்," என்றான் பாஃபோ.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது ரேடியோ. யாரோ ஒருவர் காலை நிகழ்ச்சியில், இந்த நோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் மூளை தேய்ந்துவிடும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் மாமே அஃப்ராகோமா நிலையத்தில் நின்றார்.

"மூளை தேயிற ஆளுகிட்ட என் வண்டியக் குடுக்க மாட்டேன். திங்கக்கெழம வருவேன். மாத்திரையா சாவியான்னு சொல்லு."

வேறு யாராவது என்றால் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட்டிருப்பார்கள். அண்ணன் நேராக டாக்டரிடம் போய், "என் மூளை தேயுதாம்மா?" என்று கேட்டார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பல பேரு படத்தச் சேத்து வச்சுப் பாத்தா, மாத்திரை சாப்பிடுறவங்களுக்குச் மூளையோட மேல்பட்டை சில எடத்துல லேசா மெலிஞ்சிருக்கு. மாத்திரையாலயா, இல்ல நோய் முத்துனவங்கதான் மாத்திரைக்கு வர்றாங்க, அதனாலயான்னு இத வச்சுச் சொல்ல முடியல. உங்க ஒருத்தர் படத்த வச்சு உங்களப் பத்தி எதுவுமே சொல்ல முடியாது."

"தெரியலன்னு டாக்டரே சொன்னாங்கடா. அதுலதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு," என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை காலை வேனின் பின் கண்ணாடியைப் பார்த்து நிலையமே சிரித்தது. எங்கள் ஊர் வண்டிகளில் அங்கே 'கடவுள் பெரியவர்' என்றோ 'பொறாமைப்படாதே' என்றோ எழுதியிருக்கும். அண்ணன் தன் மூளைப் படத்தை ஒட்டி, அதன் கீழே கொட்டை எழுத்தில் எழுத வைத்திருந்தார்: 'இன்னும் இருக்கு.'

மாமே வந்தார். படித்தார். சிரிக்கவில்லை.

"அம்மா," என்றார் அண்ணன், "சுவாமே பட்டறையில நிக்கிற வண்டி எல்லாத்துலயும் அடி பட்டிருக்கு. பட்டறைக்காரனா அடிச்சான்?"

"பட்டறைக்காரன் நல்ல பார்ட்டயும் கழட்டி வித்துருவான். எனக்குத் தெரியாதா?"

"அதுவும் நடக்கும்தான். நான் இல்லங்கல. ஆனா மாத்திரைக்கு முன்னாடி உங்க வண்டி போன தூரத்தவிடத் திரும்பி வந்த தூரம் ஜாஸ்தி. அது ரேடியோக்காரனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்." சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, தண்ணீர் பாக்கெட்டின் மூலையைக் கடித்துத் துப்பி, எல்லோரும் பார்க்க விழுங்கினார். நாக்கையும் நீட்டிக் காட்டினார். சாவியை மாமேயின் உள்ளங்கையில் வைத்தார். "வேற ஆளப் பாத்துக்குங்க. இடிச்சாக்கூட திரும்பிப் பாக்காதவனாக் கெடைப்பான்."

மாமே சாவியைப் பார்த்தார். அண்ணன் கையிலேயே திருப்பிப் போட்டார். தானே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு. திரும்புறியா இல்லையான்னு நான் பாக்கணும்."

நானும் என் இடத்தில் ஏறிக்கொண்டேன். வழக்கமாக எலும்பை எண்ணும் அந்தச் சாலை, அன்றைக்குப் பார்த்து ஒழுங்காக இருந்தது. குழிகளுக்கெல்லாம் முந்தின வாரம்தான் செம்மண் கொட்டியிருந்தார்கள். ஒரு 'தடக்' கூட இல்லை. இப்படியே போய்ச் சேர்ந்தால் மாமே எதைப் பார்த்து நம்புவார்? சுவாமே ரவுண்டானா நெருங்கியது. சாலை கொடுக்காததை என் குதிகால் பலகையில் கொடுத்தது.

தடக்.

பாஃபோ 'குழி' என்று சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டான். மாமே சாலையை விட்டுவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்தார். அவர் கழுத்துத் துண்டுக்கு மேலே வேர்வை பூத்தது. விரல்கள் ஸ்டியரிங்கில் வெளுத்தன. வேன் வேகம் குறைந்தது. போச்சு, நானே கெடுத்துவிட்டேன் என்று காலை இழுத்துக்கொண்டேன்.

கியர் மாறியது. வேன் ரவுண்டானாவைச் சுற்றி, திரும்பாமல், நேராகப் போனது.

ரொம்ப தூரம் வந்த பிறகுதான் மாமே வாயைத் திறந்தார். "நாளைக்குச் சீக்கிரம் எடு. சந்தைக்கு மூட்டை இருக்கு."

அண்ணன் மெல்லும் குச்சியை மறு கன்னத்துக்கு மாற்றினார். கை உயர்ந்து தலைக்கு மேலிருந்த கண்ணாடியைச் சாய்த்தது. அதில் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன.

"பின் சீட்டு. குழின்னா மொதல்ல முன் சக்கரத்துலதான் கேக்கும். அந்தப் பலகைக்கு ஆணி கழண்டு கெடக்கு. இன்னொரு தடவ ஒதச்சன்னா ரோட்டுலதான் கெடப்ப. அப்ப நான் நெசமாவே திரும்பி வரணும்."

சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பழையபடி சாலைக்குத் திருப்பி வைத்தார்.