கண்டித் தெருவோரத்தில் விரித்த பாய்

போன வருஷம் ஓகஸ்ட் மாதம் நானும் என் கணவரும் பெரஹரா என்னும் யானை ஊர்வலத்தைப் பார்க்கக் கண்டிக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து இவ்வளவு காலமாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் குறையுமா என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருகோணமலையில், பாலையூற்றில். கணவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. நேரே எதிரில் இருப்பது மட்டும் தெரியும். பக்கத்தில் நின்றால் என்னையே தெரியாது. மிச்சப் பார்வையும் கனகாலம் நிற்காது, பார்க்க ஆசைப்பட்டதை இப்போதே பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நாங்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. "அப்பாவுக்குக் கொஞ்சம் மங்கல்" என்பதோடு பிள்ளைகள் பேச்சை மாற்றிவிடுவார்கள். நானும் அப்படித்தான்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒருக்காக் கண்டிப் பெரஹரா பாக்கோணும். கப்பல் வந்திட்டுது, வேலை கிடக்குது எண்டு வருஷா வருஷம் தள்ளிப் போட்டிட்டன்."

விடிய முதல் பஸ் ஏறி, மத்தியானத்துக்கு முன்னமே கண்டியில் இறங்கிவிட்டோம். ஊர்வலம் இரவில்தான். ஆனால் சனம் காலையிலேயே வந்து நடைபாதையில் பாயையோ பொலித்தீனையோ விரித்து இடம் பிடித்துவிடும். விரித்தவருக்குத்தான் அந்த இடம். தண்ணிக்கோ கழிப்பறைக்கோ எழும்பிப் போனால் பக்கத்துப் பாய்க்காரர் பார்த்துக்கொள்வார். ஒருவரும் எழுதி வைக்காத சட்டம், எல்லோரும் மதிக்கிறார்கள். பார்க்க எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது.

ஒரு கடையின் முன்னால், தெருவின் விளிம்பிலேயே எங்களுக்கு இடம் கிடைத்தது. பக்கத்துப் பாயில் ஒரு சிங்களப் பெண், மகளோடும் தங்கையின் பிள்ளைகளோடும் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சந்தைச் சிங்களம்தான் தெரியும். அவர் கிழங்கு தந்தார், நான் புட்டு கொடுத்தேன். பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போகும்போது, பாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கையால் காட்டிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்குள்ளிருந்து ஒருவன் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டு வந்தான். எங்கள் தமிழில்தான் பேசினான். "எழும்புங்க. இது எங்கட கடை வாசல். வெளிநாட்டு ஆக்களுக்கு ஸீட் குடுத்தாச்சு."

"நாங்க காலமையில இருந்து இருக்கிறம். றோட்டு உங்கட கடையோ?" என்றேன்.

கேட்டபடியே எழும்பினேன், கணவரும் எழும்பினார். உடனே அவன் காலால் எங்கள் பாயைச் சுருட்டினான். காலால்! சாப்பாட்டுப் பார்சல் உள்ளே இருக்க, அதோடு சேர்த்துச் சுருட்டிச் சுவரோரம் தள்ளினான். சுற்றி இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

என் கணவர் பரம சாது. "விடு. சண்டை வேண்டாம். பின்னால நிண்டு பாப்பம்" என்றார். கடைக்காரனைவிட அவர்மேல்தான் அப்போது எனக்குக் கோபம் வந்தது. பின்னால் நின்றால் இவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதானே தெரியும்? இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்? அடுத்த வருஷம் வரலாம் என்று சொல்ல எங்களுக்கு அடுத்த வருஷம் இருக்கிறதா?

கத்திவிட்டேன். "இந்த மனுசனுக்குக் கண் தெரியாது! இருக்கிற கொஞ்சப் பார்வையும் போகப் போகுது! பின்னால நிண்டு என்னத்தப் பாக்கிறது?" தமிழில் சொன்னது போதாதென்று தெரிந்த சிங்களத்திலும் கத்தினேன். வீட்டுக்குள்ளேகூடச் சொல்லாத சொல்லை நடுத்தெருவில், முன்பின் தெரியாத சனத்துக்கு நடுவில் சொன்னேன்.

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஐயோ பாவம் என்ற பார்வை. கடைக்காரனின் முகமும் மாறியது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "ஐயா மட்டும் இதில இருக்கட்டும்" என்றான்.

என் சாது மனுசன் நிமிர்ந்து நின்றார். "உன்ர கதிரை எனக்கு வேண்டாம். காலால தட்டின பாயை எடுத்துத் தா." குரல் உயரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவன் எடுத்துத் தரவில்லை, உள்ளே போய்விட்டான். நான்தான் குனிந்து எடுத்தேன்.

அப்போதுதான் அந்தச் சிங்களப் பெண் திரும்பி வந்தார். நான் கத்தியது எதுவும் அவர் காதில் விழவில்லை. என் கையில் சுருட்டின பாயையும் எங்கள் இடத்தில் கதிரைகளையும் கண்டார். ஒன்றும் கேட்கவில்லை. கடையைப் பார்த்துச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை விட்டார். நல்ல வார்த்தை இல்லை, எனக்கு விளங்கியது. பிள்ளைகளை மடியில் ஏற்றி, தன் பாயின் முன்விளிம்பைத் தட்டி, "இந்தகன்ன" என்றார். இருங்கள் என்று அர்த்தம். அவருடைய பாய், பூட்டிக் கிடந்த அடுத்த கடையின் முன்னால் இருந்ததால் தப்பியிருந்தது.

இருட்டியபின் ஊர்வலத்தின் முன்வரிசையில் சாட்டைகள் வெடித்தன, பந்தங்கள் வந்தன, மேளம் நெஞ்சில் அடித்தது. விளக்குப் போட்ட யானைகள் ஒவ்வொன்றாக அவருக்கு நேரே எதிரில் வந்தன. புத்தரின் புனிதப் பல்லுக்குரிய பேழையைச் சுமந்த கொம்பன் யானை வந்தபோது கும்பிட்ட கையை அவர் கீழே இறக்கவே இல்லை. நான் பாதிப் பெரஹராவைப் பார்க்கவில்லை. கடைக்காரனை முறைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில், "நான் அப்பிடிக் கத்தினது உங்களுக்கு நொந்ததோ?" என்று கேட்டேன்.

"நொந்ததுதான். ஆனா ஒளிச்சு ஒளிச்சுக் கதைச்சது போதும். பிள்ளையளிட்டயும் சொல்லு" என்றார். சொன்னேன். அழுதார்கள். இப்போது எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கதைக்கிறோம், அவருக்கும் அது ஆறுதல்தான்.

எனக்கு ஆறுதல் இல்லை. ஒரு மனிதருக்கு இருக்க இடம் கொடுக்க அவருடைய நோயைக் கேட்டறியத் தேவையில்லை என்பது பாயைத் தட்டிய அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. என்னைக் கத்த வைத்துக் கேட்ட பிறகே இரங்கியவர்கள்மேல் வந்த கோபத்தை மட்டும் நான் ஆற விடப்போவதில்லை.