புஷ்பபாயின் கோழிப்பானை

புஷ்பபாயின் வீடு எதுவென்று காரோடு ஊரில் யாரும் கேட்டு அலைய வேண்டியதில்லை. பாதையில் நடந்து வரும்போது புளித்த வாடை எங்கே மூக்கில் ஏறுகிறதோ, அதுதான் வீடு.

அடுக்களைக்குப் பின்னால் வாயகன்ற மண்பானை ஒன்று இருந்தது. தவிடு, பொடியரி, வெயிலில் உணக்கி இடித்த மரச்சீனிக் கிழங்கு எல்லாவற்றையும் அதில் போட்டு, கஞ்சித்தண்ணீர் ஊற்றி, பழந்துணியால் வாயைக் கட்டி வைப்பாள். இரண்டொரு நாளில் நுரை தள்ளும். காதை வைத்தால் உள்ளே முணுமுணுக்கும். பானையை அவள் ஒருபோதும் கழுவிக் கவிழ்த்ததில்லை. அடியில் கிடக்கும் புளிப்புதான் அடுத்ததற்கு உறை. அதில் கொல்லையில் பறித்த முருங்கையிலையும் கனிந்த பப்பாளியும் பிசைந்து வைத்தால் கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தின்னும். மனிதருக்கே மூன்று நேரமும் மரச்சீனி என்றிருந்த காலம். புளிக்க வைத்தால் பாதித் தீனியில் கோழிக்கு வயிறு நிறையும் என்பது அவள் பார்த்துத் தெரிந்துகொண்டது. பக்கத்து வீட்டு விஜயம்மா மட்டும் வேலிக்கு அப்பால் நின்று, இந்த நாற்றத்தில் மனுஷர் குடியிருப்பதா என்று பொழுது விடிந்தால் சண்டைக்கு வருவாள்.

புஷ்பபாய் பிறவியிலேயே பயந்தவள். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், சபையில் எழுந்து நின்று வேதம் வாசிக்கப் பயம். அவள் கணவன் ஞானையன் நேர் எதிர். தென்னை ஏறுகிறவன், காற்றில் மரம் ஆடும்போதும் உச்சியில் உட்கார்ந்து பாடுவான். திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலூகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஐம்பத்து நான்கில் கிளர்ச்சி மூண்டபோது அவன் ஒரு ஊர்வலத்தையும் விடவில்லை. ஆகஸ்டில் மார்த்தாண்டத்துக்குப் போனான். அங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது என்ற செய்திதான் முதலில் ஊர் வந்து சேர்ந்தது. மறுநாள் அந்தி மயங்கும் நேரத்தில், தடியடியில் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, மரச்சீனித் தோட்டம் வழியாக அவனும் வந்து சேர்ந்தான்.

கொல்லையின் கடைசியில், வீட்டுச் சுவருக்கு மண் எடுத்த பழைய குழி ஒன்று உண்டு. புஷ்பபாய் அவனை அதில் இறக்கி, மேலே தென்னோலையைப் பரப்பினாள். வாய் தவறி அப்பா என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, சின்னஞ்சிறு மகளைக் காரக்கோணத்தில் இருந்த தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது.

குழிக்கு எப்படிக் கஞ்சி கொண்டுபோவது? வழி சொன்னவன் ஞானையன்தான். “நீ கோழிக்குத் தீனி கொண்டு வாற மாதிரி வா, பிள்ளே. ஆரு என்ன கேக்கப் போறா?”

அப்படியே செய்தாள். தீனிச் சட்டிக்குள் கஞ்சிச் செம்பை வைத்து, மேலே ஓலைத்துண்டால் மூடிக்கொண்டு போவாள். செம்பை ஓலை இடுக்கில் இறக்கி, தீனியைக் குழியைச் சுற்றி இறைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவாள். ஆனால் கோழிக்கும் புத்தி உண்டு. தீனி எங்கே விழுகிறதோ அங்கேயே அவை குடியேறிவிட்டன. பேச்சுத்துணை இல்லாத ஞானையனும் ஓலை இடுக்கு வழியாகத் கஞ்சியோடு வரும் மரச்சீனித் துண்டுகளை அவற்றுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரியாது. முற்றம் வெறிச்சென்று கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

ஒரு முற்பகலில் போலீஸ் வந்தது. ஏட்டு ஒருவர், கூடவே இரண்டு கான்ஸ்டபிள்கள். வடக்கே எங்கோ உள்ளவர்கள். ஞானையன் எங்கே என்று கேட்டார்கள். வேலைக்குப் போனவர் வரவில்லை என்றாள். வீட்டுக்குள் புகுந்து பாயையும் பெட்டியையும் உதறினார்கள். பிறகு ஏட்டு அடுக்களைப் பக்கம் வந்து மூக்கைச் சுழித்தார். துணியை விலக்கினார். பானை நுரைத்துக் கிடந்தது. சாராயத்துக்கு ஊறல் போட்டிருக்கிறாயா என்று மலையாளத்தில் அதட்டினார்.

“கோழிக்குள்ளதாக்கும் ஏமானே.”

“கோழி எவிடெ?”

புஷ்பபாய் திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் ஒரு கோழிகூட இல்லை. எல்லாம் குழிமேட்டில் நின்று ஓலையைக் கிளறிக்கொண்டிருந்தன. பா, பா என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் தொண்டையைத் தாண்டவில்லை. கொல்லைக் கடைசியிலிருந்து கொக்கரிப்புச் சத்தம் வந்தது. கான்ஸ்டபிள் ஒருவன் தடியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

அப்போது வேலியோரம் விஜயம்மாவின் தலை தெரிந்தது. புஷ்பபாய் கண்ணை மூடிக்கொண்டாள். வாயைத் திறந்தால் நிறுத்தாதவள். கிளர்ச்சிக்காரர்களைக் கண்டால் ஆகாதவள். குழி அவள் வேலியிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

“சாராயமா? நல்லாருக்கு ஏமானே. இது சாராயமா இருந்தா எனக்க மாப்பிள்ளை வேலி சாடி இங்கதான கெடப்பான்? கோழிக்குக் குடுக்குத நாத்தமாக்கும் இது. நான் தினமும் இதுக்கு வழக்கு பேசுதேன்.”

கான்ஸ்டபிள்கள் சிரித்துவிட்டார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. கோழியிருந்தால் சரி, பள்ளிக்கூடத்துக் கேம்புக்கு இன்று கறி வேண்டும், பிடியுங்கள் என்றார். தடிக்காரன் மறுபடி கொல்லையைப் பார்த்து நடந்தான்.

புஷ்பபாய் என்ன செய்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. பானையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, முற்றத்துக்கு ஓடி, அப்படியே கவிழ்த்தாள். தீனி சளக்கென்று மண்ணில் பரந்தது. அந்தச் சத்தமும் வாடையும் போதும். கோழிகள் சிறகடித்துக்கொண்டு பறந்து வந்தன. போலீஸ்காரர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்துக் காலைக் கட்டினார்கள்.

அந்த நேரத்தில் குழிப் பக்கமிருந்து இன்னொரு கொக்கரிப்பு கேட்டு, பாதியில் நின்றது. ஏட்டு காதைத் தீட்டினார்.

“அது அடைக்கோழி ஏமானே,” என்றாள் புஷ்பபாய். இந்த முறை குரல் தெளிவாக வந்தது. “அவயத்துல இருக்கு. எடுத்தா முட்டையெல்லாம் கூமுட்டையாவும்.”

ஏட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, கட்டிய கோழிகளைத் தூக்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

அவர்கள் பள்ளிக்கூட வளைவு திரும்பும் வரை அவள் அசையவில்லை. அதன்பிறகு போய் ஓலையை விலக்கினாள். ஞானையன் மூலையில் ஒடுங்கிக் கிடந்தான். செவலைக்கோழி ஒன்று எப்படியோ உள்ளே இறங்கியிருக்கிறது. சத்தம் போடாமலிருக்க அதன் கழுத்தைப் பிடித்தவன் பிடியை விடவே இல்லை. கோழி எப்போதோ செத்திருந்தது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தாள். தென்னை உச்சியில் பாடுகிற மனுஷனின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

“புஷ்பம், எனக்குப் பேடியாட்டு இருக்கு” என்றான்.

“எனக்கும் பயம் உண்டு. இனி நீ இங்க இருக்காண்டாம்” என்றாள் அவள்.

மறுநாள் கனமழை. ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நேரத்தில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவன் கிழக்கே மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டான். அங்கே வேறு பெயரில் கூலி வேலை பார்த்தான். ஆட்சி மாறி வழக்குகள் தளர்ந்த பிறகுதான் திரும்பினான். அடுத்த வருடம் எல்லை பிரித்தார்கள். விளவங்கோடு சென்னைப் பக்கம் போயிற்று. காரோடு கேரளத்துப் பக்கமே நின்றது. ஞானையன் அதைப்பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. விஜயம்மாவுக்குக் குழி விஷயம் தெரியுமா என்று கேட்கப் புஷ்பபாய்க்கும் கடைசிவரை தைரியம் வரவில்லை.

அவன் மறுபடி தென்னை ஏறினான். பாட்டு மட்டும் இல்லை. உச்சிக்குப் போனதும் குலையில் கை வைக்காமல், முதலில் ரோட்டை இரண்டு பக்கமும் பார்ப்பான். புஷ்பபாய் கீழே மரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பாள்.

“ஒண்ணும் இல்லியே?” என்பாள்.

“ஒண்ணும் இல்ல” என்று மேலிருந்து பதில் வந்த பிறகுதான் விலகி நிற்பாள். அதன்பிறகே தேங்காய் விழும்.