அக்குளில் வைத்த குழாய்

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் என் தோழியும் வேலூரில் உடலியங்கியல் ஆராய்ச்சி மாணவிகள். அவள் குடியாத்தத்து நெசவாளர் வீட்டுப் பெண். எங்களுக்கு வேண்டியதெல்லாம் மாட்டின் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி. ஆம்பூரில் அறுத்த மாட்டின் தோல், பதனிடும் ஷெட்டுக்குப் போகும், சுரப்பி எங்களுக்கு வரும். ஐஸ் போட்ட பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வருவோம்.

“குல்ஃபியாம்மா?” என்று யாராவது கேட்பார்கள்.

“ஆமாங்க, மாட்டுக் குல்ஃபி” என்பாள் அவள். அதற்குப் பிறகு எங்கள் பெஞ்சில் இடம் தாராளமாகிவிடும்.

பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அதற்குக் காரணமான அட்ரினலினை அந்தச் சுரப்பியின் செல்கள் பொடிப்பொடிப் பைகளில் அடைத்து வைத்திருக்கின்றன. சுரப்பியைச் சர்க்கரைக் கரைசலில் அரைத்து, வேகமாகச் சுழற்றி, அந்தப் பைகளைத் தனியே பிரித்தெடுப்போம். வெளியே இருக்கும் அட்ரினலினையும் அவை உள்ளே இழுத்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி. கதிரியக்கம் ஏற்றிய அட்ரினலின் கொஞ்சம் வைத்திருந்தோம். பைகள் அதை இழுத்துக்கொண்டால் எண்ணும் கருவி டிக் டிக்கென்று சொல்லும்.

பல வாரமாக அது வாயைத் திறக்கவில்லை. எங்கள் பேராசிரியர் ஒரு ஐஸ் பைத்தியம். சூடு பட்டால் பை உடைந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஐஸிலேயே வைக்கச் சொல்வார்.

“வெறச்சுப் போய்க் கெடக்குதுடி. மாடு உயிரோட இருந்தப்போ ஐஸ்லயா இருந்துச்சி?” என்றாள் தோழி.

ஒரு நாள் பேராசிரியர் வெளியூர் விருந்தாளி ஒருவரை அழைத்துவரக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போனார். குழாய்களைச் சூடாக்கும் தண்ணீர்த் தொட்டி பழுதாகிக் கிடந்தது. தோழி இரண்டு குழாய்களை எடுத்தாள். இரண்டிலும் பைகளும் அட்ரினலினும் இருந்தன. ஒன்றில் மட்டும் செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யும் துளி மெக்னீசியமும் சேர்த்தாள். கார்க் அடைத்து மெழுகு பூசி, சக்தி சேர்த்ததைத் தன் அக்குளில் செருகிக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினாள்.

“தர்மாமீட்டர் வெக்கிற எடந்தானே, புடிச்சிக்க.”

அன்றைக்கென்று ரயில் நேரத்துக்கு வந்துவிட்டது. கதவு திறந்தது. விருந்தாளியைப் பார்த்து நாங்கள் கையைக் கூப்பவில்லை. வலக்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினோம்.

“கைக்கு இன்னாம்மா?” என்றார் பேராசிரியர்.

“தோள்ல சுளுக்கு சார்” என்றாள் அவள்.

“உனக்கு?”

“எனக்கும் சுளுக்குதான் சார்” என்றேன்.

விருந்தாளி எலும்பு டாக்டர் போலிருக்கிறது, ஆர்வமாகக் கிட்டே வந்தார். “ஒரே தோளா? கையை மேல தூக்கும்மா, பார்ப்போம்.”

“தூக்குனா வலிக்கும் சார்” என்றாள் தோழி.

“எங்க வலிக்குதுன்னு பார்க்கத்தானே தூக்கச் சொல்றேன்.”

என் நெஞ்சு தறி மாதிரி அடித்தது. வாயில் வந்ததைப் பேராசிரியரிடம் சொன்னேன்: “சார், உங்க ரூம்ல இட்லி வாங்கி வெச்சிருக்கு. ஆறிடும்.”

விருந்தாளிக்கு நல்ல பசி. பேராசிரியர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவரோடு போனார்.

குழாய்களை ஐஸில் போட்டு, சுழற்றி, பைகளைக் கழுவிக் கருவியில் வைத்தோம். என்னுடையது எப்போதோ ஒருமுறை முனகியது. அவளுடையது மழை பிடித்த தகரக் கூரை மாதிரி விடாமல் சடசடத்தது.

“ஒன் அக்குள் வேலைக்கு ஆவாது” என்றாள். வெறும் சூடு போதாது, சக்தியும் வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மத்தியானம் பேராசிரியரிடம் காட்டினோம். இரண்டு முறை பார்த்தார்.

“எத்தனை டிகிரி?”

“முப்பத்தேழு சார்.”

“தொட்டிதான் ரிப்பேராச்சே.”

நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்தோம். அவர் எழுந்தார். கருவியின் முன்னால் எங்களை நிறுத்தி, “சுளுக்கு போச்சில்ல? தூக்குங்க கையை” என்றார். கருவி மூச்சு விடவில்லை; எதுவும் கசிந்திருக்கவில்லை. அக்குளில் கண்ணாடிக் குழாய் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நன்றாகத் திட்டினார். திட்டி முடித்த கையோடு, அன்றைக்கே தொட்டியைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பினார்.